மருந்துதானமும் மருத்துவச் செலவும்



ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நான்கு தானங்களை இல்லறத்தாரின் கடமையாகச் சமண மரபு வகுத்துள்ளது. பசித்தவருக்கு உணவு, பிணியுற்றவருக்கு மருந்து, அறியாதவருக்கு அறிவு, அஞ்சியவருக்கு அடைக்கலம் என்பன அவை. தமிழ்ச் சமணப் புலவர்கள் தாம் இயற்றிய அறநூல்களுக்கே மருந்தின் பெயரைச் சூட்டினர். காரியாசானின் சிறுபஞ்சமூலம் ஐந்து சிறு வேர்களின் பெயரைத் தாங்கியது. கணிமேதாவியாரின் ஏலாதி ஏலம் முதலான ஆறு மருந்துப் பொருள்களின் பெயரைத் தாங்கியது. உடற்பிணியும் உள்ளப்பிணியும் ஒரே பரிவோடு நோக்கப்பட வேண்டும் என்பது அப்பெயர்களிலேயே விளங்கும்.

வேரும் இலையும் கொண்டு மருத்துவம் செய்த காலத்தில் மருந்துதானம் எளிதாக இருந்தது. இன்று நிலைமை வேறு. தந்தைக்கு இதய அறுவை, தாய்க்குப் புற்றுநோய், பெரியவருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு என்று மருத்துவர் சொன்ன அந்த நொடியே பிள்ளைகளின் மனத்தில் எழும் முதல் வினா, பணத்திற்கு எங்கே போவது என்பதுதான். நோயின் அச்சத்தோடு கட்டணத்தின் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. இந்த இரண்டாவது அச்சத்தைப் போக்கும் வழிகள் எவை, அவற்றை எந்த வரிசையில் நாட வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

தேர்வாய் கண்டிகையும் சிதறிய குடும்பங்களும்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர் தேர்வாய் கண்டிகை. ஏரிப்பாசனமும் மேய்ச்சலுமாக இருந்த அவ்வூரின் பெயர் இன்று சிப்காட் தொழிற்பூங்காவின் பெயராக நாடெங்கும் அறியப்படுகிறது. பிரெஞ்சு நாட்டு மிஷலின் நிறுவனத்தின் டயர்த் தொழிற்சாலை உள்ளிட்ட பல ஆலைகள் அங்கு இயங்குகின்றன. கும்மிடிப்பூண்டியின் பழைய சிப்காட் வளாகத்தையும் சேர்த்துக் கருதினால், வட தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள் பணிபுரியும் பெருந்தொழில் வட்டாரம் அது.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய பகுதிகளின் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக உழவும் ஆசிரியப் பணியும் மேற்கொண்டு வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களின் பிள்ளைகளும் இவ்வாறே தொழில் நகரங்களுக்குப் பெயர்ந்துள்ளனர். ஊரில் பெற்றோர், ஆலையில் பிள்ளை என்பது இன்று பல இல்லங்களின் நிலை. பெற்றோர் நோயுறும்போது இந்தத் தொலைவே முதல் இடராகிறது.

ஓர் எடுத்துக்காட்டு நோக்கத்தக்கது. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் வாழும் 64 வயது முதியவர் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வருகிறது எனக் கொள்வோம். இரவுப் பணியில் இருக்கும் மகனுக்குச் செய்தி எட்டுகிறது. அவன் பதறிப் புறப்படுகிறான். அண்டை வீட்டார் அறிந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் தந்தை சேர்க்கப்படுகிறார். முன்பணம் கேட்கப்படுகிறது. தாயின் நகை அடகுக்குப் போகிறது. மூன்றாம் நாள் அறுவை என்கிறார்கள். வட்டிக்குக் கடன் வாங்கப்படுகிறது. இரண்டு ஏக்கர் நிலத்திற்கு விலை பேசப்படுகிறது. எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பின்னர், மகனின் மாதச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டுவரும் சிறு தொகைக்கு ஈடாகவே அச்சிகிச்சை கிடைத்திருக்கக்கூடும் என்று ஆலைத் தோழர் ஒருவர் சொல்கிறார். அப்போது அந்த அறிவால் பயன் இல்லை.

இக்குடும்பத்தின் பிழை அன்பின்மை அன்று, சோம்பலும் அன்று. வரிசை மாறியதே பிழை. முதலில் கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டனர். கடைசியில் செய்ய வேண்டிய விற்பனையை முதலில் பேசினர். உதவி பெரும்பாலும் இருக்கவே செய்கிறது. ஆனால் அது முன்கூட்டிக் கேட்பவருக்கும், ஆவணத்தோடு கேட்பவருக்குமே கைகூடுகிறது.

கேட்பது இரத்தல் அன்று

பிறரிடம் கேட்பதற்கு நாணும் இயல்பு நற்குடிப் பண்பாகக் கருதப்படுகிறது. அந்த நாணமே பல குடும்பங்களைக் கடனில் ஆழ்த்துகிறது. இங்கே ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். தனக்கு உரியதைக் கேட்பது இரத்தல் ஆகாது.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம், அதாவது இ.எஸ்.ஐ., 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் ஊதியத்தில் 0.75 விழுக்காடும், அவ்வூதியத்தின் மீது முதலாளி தரும் 3.25 விழுக்காடும் இதற்குச் செலுத்தப்படுகின்றன. 18,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவர் மாதந்தோறும் 135 ரூபாயும், அவருக்காக முதலாளி 585 ரூபாயும் செலுத்துகின்றனர். இரண்டும் சேர்ந்து 720 ரூபாய். இவ்வாறு உழைப்பின் பெயரால் மாதந்தோறும் சேரும் தொகைக்குரிய பயனை நாடுவதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது?

முதல் வாயில்: இ.எஸ்.ஐ.

2017 ஜனவரி முதல் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இத்திட்டத்திற்குள் வருகின்றனர். மனைவி மக்களோடு, தொழிலாளியைச் சார்ந்து வாழும் பெற்றோரும் அவருடைய குடும்பத்தினராகவே கொள்ளப்படுகின்றனர். பெற்றோரின் சொந்த வருமானம் விதிகளில் குறிக்கப்பட்ட வரம்பைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. ஒப்பந்தத் தொழிலாளரும் இத்திட்டத்திற்கு உரியவரே. நேரடிப் பணியாளருக்கு மட்டுமே இது உண்டு என்று எண்ணி ஒதுங்க வேண்டியதில்லை.

பணியில் சேர்ந்த அவசரத்தில் பலர் தம் பெயரோடு மனைவி மக்களின் பெயர்களை மட்டும் பதிந்துவிடுகின்றனர். பெற்றோரின் பெயரும் ஆதார் எண்ணும் அட்டையில் ஏறியுள்ளனவா என்று இன்றே பார்க்க வேண்டும். இல்லையெனில் ஆலையின் பணியாளர் பிரிவு வழியாகச் சேர்க்க வேண்டும். பெற்றோர் வேறு ஊரில் வசித்தால், அவர்கள் வசிக்கும் இடத்திற்கு அண்மையிலுள்ள மருந்தகத்தில் சிகிச்சை பெறுவதற்கான ஏற்பாட்டையும் அப்போதே கேட்டுக்கொள்வது நலம்.

இத்திட்டத்தின் நடைமுறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அட்டையில் குறித்த மருந்தகம், பின்னர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை, அங்கு இயலாத உயர் சிகிச்சைக்கு அம்மருத்துவமனை தரும் பரிந்துரைக் கடிதத்தோடு ஒப்பந்தத்திலுள்ள பெரிய மருத்துவமனை. சென்னை வட்டாரத்தில் அயனாவரத்திலும் கலைஞர் கருணாநிதி நகரிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உள்ளன. பரிந்துரைக் கடிதம் இன்றித் தாமாகவே தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். உயிருக்கு ஆபத்தான அவசர நிலை ஏற்பட்டால் அருகிலுள்ள மருத்துவமனையில் சேர்த்தே ஆக வேண்டும். ஆனால் அன்றோ மறுநாளோ இ.எஸ்.ஐ. அலுவலகத்திற்கு எழுத்து வடிவில் தெரிவித்துவிட வேண்டும்.

ஊதிய உயர்வால் 21,000 ரூபாயைக் கடந்தவர் உடனே வெளியேற்றப்படுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்னும் இரு பங்களிப்புக் காலங்களுள், அப்போது நடக்கும் காலத்தின் இறுதி வரை பிடித்தமும் உரிமையும் தொடரும். பணிநிறைவு பெற்ற பெற்றோருக்கும் ஒரு வழி உண்டு. 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் இத்திட்டத்தில் இருந்து வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் தம் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். பழைய நூற்பாலைத் தொழிலாளர் எத்தனையோ பேர் இதை அறியாமலே இருக்கின்றனர்.

இரண்டாம் வாயில்: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்

ஏழை நோயாளர் ஒவ்வொருவரும் முதலமைச்சர் நிவாரண நிதிக்கு மனு எழுதிக் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அண்டை மாநிலமான ஆந்திரத்தில் அத்தகைய மனுக்கள் குவிந்த நிலையில் 2007-இல் ஆரோக்கியஸ்ரீ திட்டம் பிறந்தது. தமிழகத்தில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் நடைமுறைக்கு வந்தன. 2018-இல் இது நடுவணரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இன்று ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022-இல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்பத் தலைவரைச் சார்ந்த பெற்றோரும் இதில் அடங்குவர்.

இதற்கு வேண்டிய ஆவணங்கள் குடும்ப அட்டை, ஆதார், வருவாய்த் துறையின் வருமானச் சான்று ஆகியவை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தில் அட்டை வழங்கப்படுகிறது. 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இது ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டம். பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, காப்பீட்டு அலுவலகத்தின் முன் ஒப்புதலோடு செலவு ஏற்கப்படுகிறது. முன்னரே கையிலிருந்து கட்டிவிட்ட பணத்தைப் பின்னர் திருப்பித் தருவதற்கு அமைந்ததன்று. ஆகவே மருத்துவமனை வாயிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எவ்வளவு ஆகும்?” என்பதன்று, “இங்கே முதலமைச்சர் காப்பீடு ஏற்கப்படுகிறதா? இந்தச் சிகிச்சை அதில் உள்ளதா?” என்பதே.

இரண்டுக்கும் நடுவே நிற்கும் குடும்பம்

மாதம் 25,000 ரூபாய் ஊதியம் பெறும் தொழிலாளியின் நிலையே மிகக் கடினம். 21,000 ரூபாயைக் கடந்ததால் அவர் இ.எஸ்.ஐ.க்குப் புறத்தே நிற்கிறார். ஆண்டு வருமானம் 3 லட்சம் ஆவதால் முதலமைச்சர் திட்டத்திற்கும் புறத்தே நிற்கிறார். ஏழையும் அல்லர்; 5 லட்சம் ரூபாய்ச் செலவைத் தாங்கும் செல்வரும் அல்லர். தொழில் நகரங்களில் வாழும் சமுதாயக் குடும்பங்களுள் பல இந்த இடைநிலையிலேயே உள்ளன.

இவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பெற்றோரின் சொந்த உரிமையை. ஊரில் தனிச் சமையல், தனிக் குடும்ப அட்டை, தமக்கென்று சிறு வருமானம் என்று வாழும் பெற்றோர், தம் பெயரிலேயே முதலமைச்சர் திட்டத்திற்குத் தகுதி பெறக்கூடும். பிள்ளையின் ஊதியத்தைக் கண்டு தகுதியில்லை என்று தாமாகவே முடிவு செய்துவிடக் கூடாது. உள்ளது உள்ளபடி எழுதி விண்ணப்பித்து, விடையை அலுவலரிடமிருந்து பெற வேண்டும். அதே வேளையில் ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டு அட்டையை மட்டும் பிரிப்பதும், வருமானத்தைக் குறைத்துக் காட்டிச் சான்று பெறுவதும் வாய்மை விரதத்திற்கு ஒவ்வா. பொய்ச் சான்றால் பெறும் உதவி வேறோர் ஏழையின் பங்கைக் கவர்வதாகும்.

தந்தையோ தாயோ அரசுப் பள்ளி ஆசிரியராகவோ அலுவலராகவோ இருந்து ஓய்வு பெற்றவராயின், ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்கான பிடித்தம் அவரது ஓய்வூதியத்தில் நிகழ்ந்துகொண்டிருக்கும். வாழ்க்கைத் துணையும் அதில் அடங்குவர். அடையாள அட்டை எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்து வைப்பது பிள்ளைகளின் வேலை. முன்னாள் படைவீரருக்கும் நடுவணரசு ஓய்வூதியருக்கும் தனித் திட்டங்கள் உள்ளன. 70 வயது நிறைந்த எல்லாருக்கும், வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு வழங்க நடுவணரசு முடிவு செய்து 2024 அக்டோபர் 29 அன்று அதைத் தொடங்கிவைத்தது. அவ்வயதை எய்திய பெற்றோர் உள்ள இல்லத்தார் காப்பீட்டுப் பதிவு மையத்தில் இது குறித்துத் தவறாமல் வினவ வேண்டும்.

அடுத்தது ஆலையின் குழுக் காப்பீடு. பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் பெற்றுக்கொண்டு பெற்றோரைச் சேர்க்க இசைகின்றன. அதற்கு ஆண்டுக்கு ஒருமுறை சில நாட்களே வாய்ப்பு. அந்நாட்கள் கடந்தால் ஓர் ஆண்டு காத்திருக்க நேரும். தனியாகக் காப்பீடு எடுப்போருக்கும் நிலை சற்று எளிதாகியுள்ளது. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்பது 2024 ஏப்ரல் முதல் விதி. தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுள்ளது. சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் மறைத்து விண்ணப்பிப்பதால் வரும் கேடு பெரிது. நோய் வந்த நாளில் அந்த மறைப்பே மறுப்புக்குக் காரணமாகும். உண்மை கூறியும் உரிமை மறுக்கப்பட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

அரசு மருத்துவமனையும் அறமருத்துவமனையும்

எத்திட்டமும் இல்லாதவருக்கும் திறந்தே இருக்கும் கதவு அரசு மருத்துவமனை. திருவள்ளூர் மாவட்டத்திற்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையும், சென்னை நடுவண் இரயில் நிலையத்திற்கு எதிரே இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் உள்ளன. கிண்டியில் 2023 ஜூன் 15 அன்று கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. அரசு மருத்துவமனை என்றவுடன் முகம் சுளிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தனியாரிடம் பல லட்சம் ஆகும் அறுவைகள் பல அங்கே கட்டணமின்றி நிகழ்கின்றன. காத்திருப்பும் கூட்டமும் உண்மையே. ஆயினும் அவசரமில்லாத சிகிச்சைக்குச் சில வாரம் காத்திருப்பது, நிலத்தை விற்பதினும் நன்று.

புற்றுநோய்க்கு அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தின் வரலாறு நினைவுகூரத் தக்கது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் மறைந்தார். தம் இல்லத்தில் நேர்ந்த அத்துயரத்தை மறவாத அவர், மூன்று பத்தாண்டுகள் முயன்று 1954-இல் அந்நிலையத்தை நிறுவினார். ஏழை நோயாளருக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் அது இன்றுவரை சிகிச்சை அளித்துவருகிறது. ஒரு குடும்பத்தின் துயர் ஊருக்கெல்லாம் மருந்தானதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

குறையும் தொகையை ஈடுசெய்தல்

திட்டங்கள் அனைத்தையும் நாடிய பின்னரும் குறையும் தொகைக்குச் சில வழிகள் உண்டு. 1948-இல் நிறுவப்பட்ட பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து இதய அறுவை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்றவற்றிற்குப் பகுதித் தொகை வழங்கப்படுகிறது. மருத்துவமனையின் செலவு மதிப்பீடு, வருமானச் சான்று ஆகியவற்றோடு சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தொகை மருத்துவமனைக்கே செல்லும். வறுமைக்கோட்டிற்குக் கீழ் உள்ளோர் அரசு மருத்துவமனையில் பெறும் உயர் சிகிச்சைக்கு 1997-இல் அமைந்த ராஷ்டிரிய ஆரோக்கிய நிதி உதவுகிறது. மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனு அளிக்கலாம்.

வருங்கால வைப்பு நிதியிலிருந்து நோய்ச் செலவுக்கு, திருப்பிச் செலுத்த வேண்டாத முன்பணம் பெற இயலும். சார்ந்து வாழும் பெற்றோரின் நோய்க்கும் அது பொருந்தும். அது முதுமைக்கான சேமிப்பு ஆதலால் அளவோடு எடுக்க வேண்டும். எனினும் கந்துவட்டிக்குக் கைநீட்டுவதற்கு முன் எடுக்கத் தக்கது அதுவே. மிகைவட்டி வாங்குவது 2003-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டப்படி குற்றம். நகையை வைப்பதானாலும் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வைப்பதே அறிவுடைமை. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தவர்கள், காப்பீடு இல்லாத 60 வயது கடந்த பெற்றோருக்கு வங்கி வழியே செலுத்திய மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். இரசீதுகள் அனைத்தையும் காத்து வைத்தல் இதற்கும் பயன்படும்.

செலவைக் குறைப்பதும் பொருள் தேடுவதன் ஒரு பகுதியே. சிகிச்சைக்கு முன் எழுத்து வடிவில் மதிப்பீடு கேட்கலாம். இனவாரியான கட்டண விவரம் பெறுவது, தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் கூறப்பட்ட உரிமை. இதயக் குழாயில் பொருத்தும் ஸ்டெண்டுக்கு 2017 பிப்ரவரி முதல் அரசு உச்சவிலை குறித்துள்ளது. அதற்கு மேல் வாங்க இயலாது. நெடுநாள் உண்ண வேண்டிய மாத்திரைகளுக்கு மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் உள்ளன. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் இல்லத்திற்கே வருகின்றன.

உடன்பிறந்தாரும் ஊர்ச் சமுதாயமும்

பெற்றோரின் நோய் உடன்பிறந்தாரைப் பிரிப்பதும் உண்டு. பணம் தந்தவர் ஒருவர், உடனிருந்து பணிவிடை செய்தவர் ஒருவர், ஊரிலிருந்து வர இயலாதவர் ஒருவர் என்று நிற்கும்போது, பின்னாளில் கணக்குக் கசப்பாகிறது. முதல் நாளிலேயே மக்கள் அனைவரும், மகளிரும் உட்பட, கூடிப் பேசி ஒரு குறிப்பேட்டில் வரவும் செலவும் எழுதி வருவது நன்று. பணிவிடைக்காக இழந்த கூலியும் ஒரு பங்களிப்பே என்று மதிக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பு என்னும் சொல்லுக்குள் உணவு, உடை, உறையுள் ஆகியவற்றோடு மருத்துவத்தையும் அடக்கியுள்ளது. அன்பு செய்ய வேண்டியதைச் சட்டம் செய்யும் நிலைக்கு எந்த இல்லமும் செல்லலாகாது. பெற்றோரின் கருத்தையும் கேட்க வேண்டும். தம் மருத்துவத்திற்காக நிலம் விற்கப்படுவதை ஒரு முதியவர் விரும்புகிறாரா, எத்தகைய சிகிச்சையை அவர் ஏற்கிறார் என்பவை அவர் சொல்ல வேண்டியவை.

சமுதாய அறக்கட்டளைகளின் பங்கு யாது? உதவி நிதி சிறிதாக இருக்கலாம். ஐந்து லட்சத்து அறுவைக்கு ஐயாயிரம் தருவதால் என்ன பயன் என்று தயங்க வேண்டியதில்லை. பெருஞ்செலவை அரசுத் திட்டங்கள் ஏற்கும்போது, அவை ஏற்காத சிறுசெலவுகளில்தான் ஏழைக் குடும்பம் தடுமாறுகிறது. ஊரிலிருந்து சென்னைக்கு வந்து போகும் வழிச்செலவு, உடனிருப்பவரின் உணவும் தங்குமிடமும், பட்டியலில் இல்லாத ஒரு பரிசோதனை, பணிக்குச் செல்லாத நாட்களின் கூலி ஆகியவற்றை ஐயாயிரமும் பத்தாயிரமும் தாங்கும்.

பணத்தினும் பெரிய உதவி ஆள் உதவி. ஊருக்கு ஒருவராக, விண்ணப்பம் எழுதவும் இணையத்தில் பதியவும் அறிந்த இளைஞர் ஒருவர் பொறுப்பேற்றால் போதும். இல்லந்தோறும் சென்று, பெற்றோரின் ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, ஓய்வூதியப் புத்தகம், பழைய மருத்துவக் குறிப்புகள், உண்ணும் மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு வைக்கச் செய்வது ஒரு விடுமுறை நாளின் வேலை. நள்ளிரவில் 108 ஊர்தி வரும்போது அந்த உறை நோயாளியோடு செல்ல வேண்டும்.

உதவும் முறையிலும் அறம் வேண்டும். தொகையை மருத்துவமனைக் கணக்கிற்கே செலுத்துதல் இருபுறத்தாருக்கும் நன்று. பெறுபவரின் பெயரும் படமும் மேடையிலோ கைப்பேசிக் குழுக்களிலோ பரப்பப்படலாகாது. நோயுற்ற தாயின் படத்தைப் பரப்பித்தான் உதவி பெற வேண்டும் என்னும் நிலை ஒரு குடும்பத்திற்கு நேராமல் காப்பதும் அபயதானமே.

இரண்டு ஏரிகளின் பாடம்

தேர்வாய் கண்டிகைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கண்ணன்கோட்டையிலும் தேர்வாய் கண்டிகையிலும் இருந்த ஏரிகளை இணைத்து, 500 மில்லியன் கன அடி கொள்ளும் நீர்த்தேக்கம் ஒன்று அமைக்கப்பட்டது. 2020 நவம்பரில் நாட்டுக்கு அளிக்கப்பட்ட அது சென்னை மாநகருக்குக் குடிநீர் தரும் ஐந்தாவது நீர்த்தேக்கம். தனித்தனியே இருந்தபோது ஊர் வயல்களுக்கு மட்டும் பயன்பட்ட ஏரிகள், இணைந்தபின் மாநகரின் தாகம் தீர்க்கின்றன. கோடையில் வழங்குவதற்கான நீரை அது மழைக்காலத்திலேயே தேக்கிக்கொள்கிறது.

மருத்துவ உதவியும் அவ்வாறே. ஊதியத்தில் பிடித்தம் செய்த சிறுதொகை, அரசின் காப்பீடு, உடன்பிறந்தாரின் பங்கு, அறக்கட்டளையின் ஐயாயிரம் ஆகியவை தனித்தனியே சிறியவை. கரை ஒன்று கட்டி இணைத்தால் ஒரு பெருநோயைத் தாங்கும். அந்தக் கரை நோயற்ற நாளிலேயே எழ வேண்டும்.

பெற்றோர் நோயுற்ற இல்லத்திற்கு நான்கு தானங்களும் ஒருங்கே வேண்டியிருக்கின்றன. உடனிருப்பவருக்கு உணவு; நோயாளிக்கு மருந்து; எங்கே எதைக் கேட்பது என்னும் அறிவு; தனித்து விடப்படவில்லை என்னும் அபயம். இவற்றுள் அறிவு முந்தினால் ஏனைய மூன்றும் எளிதில் பின்தொடரும். இவ்விழா முடிந்து இல்லம் திரும்பும் ஒவ்வொருவரும், இன்றிரவு பெற்றோரின் அட்டைகளைத் தேடி எடுத்து, பெயரும் எண்ணும் சரிபார்த்து, ஒரே உறையில் வைப்பாராயின், மருந்துதானம் தத்தம் இல்லத்திலேயே தொடங்கியதாகும்.

அறம் வளர்க! அனைத்துயிரும் பிணி நீங்கி வாழ்க!